டெல்மாவின் மணிக்கட்டும் ஆர்லோவின் தோட்டாவும்

டெல்மா ஹரூஷ்கா ஒரு முழு எருதை ஒற்றைக் கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டுவாள். சரி, முழு எருது என்பது கொஞ்சம் அதிகம். பாதி எருது. பாதியும் இல்லை, ஒரு பின்தொடை. ஒற்றைக் கை என்பது மட்டும் உண்மை. மற்றக் கையில் எப்போதும் காப்பிக் கோப்பை இருக்கும். எங்கள் கார்வர் ஹாலோ ஊரின் மளிகைக் கடையில், இறைச்சிப் பகுதியின் கண்ணாடிக்குப் பின்னால் அவள் இளம்பெண்ணாக வந்து நின்றாள், தலை நரைத்த பிறகும் அங்கேயே நிற்கிறாள். எலும்போடு வந்த மாட்டுத் தோள் அவள் கைக்குப் போனால், நீங்கள் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் துண்டு துண்டாகத் தாளில் சுற்றி வைத்திருப்பாள்.

மார்கழிக் குளிர் தொடங்கும் முன் மான் வேட்டைக் காலம் வரும். எங்கள் பக்கத்து மலைகளில் அந்த முதல் நாளுக்குப் பள்ளிக்கூடமே விடுமுறை. சுட்ட மானை ஊர் ஆண்கள் வண்டியின் பின்தட்டில் போட்டுக்கொண்டு நேரே டெல்மாவின் வீட்டுக் கொட்டகைக்குத்தான் வருவார்கள். தோலை உரித்து, எலும்பை எடுத்து, தொடைக்கறி தனி, அரைத்த கறி தனி என்று பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. அவளுடைய புருஷன் ஸ்டான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். மிஞ்சிய கறியில் பூண்டு போட்டு சாசேஜ் திணிப்பான். ஊரில் இருக்கிற எந்த ஆணின் குளிர்ப்பெட்டியைத் திறந்தாலும் டெல்மாவின் கையெழுத்துப் போட்ட பொட்டலம் இருக்கும்.

அப்படிப்பட்ட பெண்ணைப் பார்த்துத்தான் அந்த மனிதர்கள் மணிக்கட்டில் பலம் போதாது என்றார்கள். எழுதும்போது எனக்கே காது சுடுகிறது.

விஷயம் இதுதான். தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் ஊர்ப் பிஸ்டல் கிளப் இருக்கிறது. இலை உதிரத் தொடங்கியதிலிருந்து குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே சுடுவார்கள். நீளமான சிமெண்டு அறை, கடைசியில் அட்டை, நடுவில் கருப்பு வட்டம். ஒற்றைக் கையை நீட்டி, மற்றக் கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுட வேண்டும். அதுதான் அந்தப் போட்டியின் முறை. டெல்மா அங்கே வெகுகாலமாகப் பெண்கள் பிரிவில் சின்னப் பிஸ்டலில் சுட்டுக்கொண்டிருந்தாள். பெரிய அணியில், அதாவது 'நாற்பத்தைந்து' என்கிற பெரிய ரகப் பிஸ்டலில் சுடுகிற நால்வர் அணியில், கிளப்பின் துப்பாக்கிக் கொல்லர் ஹெர்ம் செத்துப்போனதில் ஓர் இடம் காலியானது. தேர்வில் கிளப்பின் பழைய பிஸ்டலை இரவல் வாங்கி வைத்துக்கொண்டே டெல்மா எல்லோரையும் முந்தினாள். இடம் அவளுக்கு. அன்றைக்கே போய் ஒரு புதுப் பிஸ்டல் வாங்கிவிட்டாள்.

வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மண்மேடு ஒன்று உண்டு. அங்கே கடையில் வாங்கிய தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பழகினாள். தையல் மிஷின் போல ஓடியது.

கிளப்பில் மட்டும் ஓடவில்லை.

ஒரு தடவை சுட்டதும் பிஸ்டலின் மேற்பகுதி, ஸ்லைடு, தானாகப் பின்னால் போய் முன்னால் வர வேண்டும். வரும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து குழலுக்குள் பூட்டிவிட வேண்டும். டெல்மாவுடையது முன்னால் வந்து, முழுசாக மூடாமல் ஒரு நகக்கண் அளவு இடைவெளி விட்டு நின்றுவிடும். விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கட்டைவிரலால் தள்ளினால் மூடும். ஆனால் போட்டியில் நேரக் கணக்கு. தள்ளிக்கொண்டிருந்தால் மீதித் தோட்டா துப்பாக்கியிலேயே இருந்துவிடும்.

அவள் கையை உயர்த்தினாள். அணித் தலைவர் ஆர்லோ ஃபென்ஸ்டர்மேக்கர் பின்னாலிருந்து வந்து பார்த்தார். பார்த்தார் என்பது மரியாதைக்குச் சொன்னது. தூரத்திலிருந்தே சொன்னார்.

"மணிக்கட்டு, கண்ணு. நீ தொய்ய விடறே. கை பின்னால போனா ஸ்லைடுக்கு எதிர்த்து நிக்க ஒண்ணுமில்ல. அதான் பாதியில நின்னுடுது."

"என் மணிக்கட்டு தொய்யல, ஆர்லோ."

"தொய்யறவங்களுக்குத் தெரியாது. பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

ஆர்லோ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் இருக்கிறது. கை தளர்ந்தாலும் இப்படி நிற்கும். துப்பாக்கி பிடிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் கோபம் எனக்கு எங்கே வருகிறது என்றால், ஆண்பிள்ளையின் பிஸ்டல் நின்றால் முதலில் தோட்டா அடைக்கிற மேகசினைப் பார்ப்பார்கள், எண்ணெய் போட்டாயா என்பார்கள், சுருள்வில் தேய்ந்திருக்குமோ என்பார்கள். பெண்பிள்ளையுடையது நின்றால் அவ்வளவையும் தாண்டிக் குதித்து நேரே மணிக்கட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அடுத்த வியாழக்கிழமை டெல்மா போனபோது, அவள் நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் பந்து இருந்தது. ரோஜா நிற ரிப்பன் கட்டியிருந்தது. டூயி வைத்தது. டூயி அணியில் மூன்றாவது ஆள், கூரை போடுகிறவன், சிரிக்க ஏதாவது கிடைத்தால் சோறு வேண்டாம் அவனுக்கு.

"தினமும் அமுக்கிப் பழகு, டெல்மா. என் மாமியாருக்கு வாதம் வந்தப்ப டாக்டர் இதைத்தான் குடுத்தார்."

"உன் மாமியாருக்கு வந்தது உன்னால, டூயி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் பந்தைப் பைக்குள் போட்டாள். அன்றைக்கும் ஸ்லைடு நின்றது.

அவள் என்னவெல்லாம் செய்யவில்லை? மேகசினை மாற்றினாள். பிஸ்டலைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டாள். சுருள்வில்லை மாற்றினாள். பிடியை இறுக்கி இறுக்கி, கடையில் கத்தி பிடிக்கும்போது விரல் வலித்தது. வீட்டில் ஓடுவது கிளப்பில் ஏன் நிற்கிறது? அதே கை, அதே பிஸ்டல். வித்தியாசம் ஒன்றே ஒன்று: கிளப்பில் எல்லோரும் கிளப்புத் தோட்டாவைத்தான் சுட வேண்டும். சுட்ட வெற்று உறைகளைப் பொறுக்கி, அவற்றில் புது வெடிமருந்து நிரப்பி, ஈயக் குண்டைப் பதித்து, காப்பி டப்பாக்களில் கொண்டுவந்து வைப்பவர் ஆர்லோ. மனைவி போன பிறகு அவருக்கு அதுதான் சாயங்கால வேலை. கிளப்பில் எவரும் அந்த டப்பாவைப் பற்றி நல்லதைத் தவிர வேறு சொல்லிக் கேட்டதில்லை.

"ஆர்லோ, ஒருவேளை தோட்டாவுல ஏதாவது..."

மாதா கோயிலில் பாதிரியார் பேசும்போது எவனோ ஏப்பம் விட்ட மாதிரி அறை அமைதியானது.

"இந்தத் தோட்டா இங்க எல்லாருக்கும் ஓடுது," என்றார் ஆர்லோ. "உனக்கு மட்டும் ஓடல. நீயே கணக்குப் போட்டுக்கோ."

"வீட்ல கடைத் தோட்டா போட்டா என்னுது ஒரு தடவைகூட நிக்கலையே."

"வீட்ல நீ நிம்மதியா சுடறே. இங்க ஆம்பளைங்க பார்க்கிறப்ப பதட்டம். பதட்டம் வந்தா மணிக்கட்டுதான் முதல்ல போகும்."

 ஓடினால் பதட்டமில்லை, நின்றால் பதட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றம் மணிக்கட்டில்தான் வந்து உட்காரும்படி அந்த மனிதர் கதவையெல்லாம் சாத்திவிட்டார். உங்க பிடியிலயாவது ஒரு தடவை சுட்டுப் பாருங்க என்று பிஸ்டலை நீட்டினாள். போட்டிப் பிஸ்டலை அடுத்தவர் தொடக்கூடாது, அது கிளப்பின் வழக்கம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அத்தோடு விட்டாரா? மாவட்டப் போட்டி வருகிறது. மான் காலம் முடிந்த கையோடு. "அதுக்குள்ள சரியாகலைன்னா உன் இடத்துல டூயியோட மச்சினனைப் போடறேன். நீ பழையபடி பெண்கள் பிரிவுல சின்னதை வச்சுச் சுடு. அதுல நீ ராணி மாதிரி," என்றார். ராணியாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த டெல்மா தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையில் அந்தப் பந்து. அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள்.

ஸ்டான் கொஞ்ச நேரம் பார்த்தான். "நீ அதை நம்பறியா?"

"எல்லாரும் சொல்றாங்களே."

"எல்லாரும் சொல்றதை நீ எப்பலேர்ந்து கேக்க ஆரம்பிச்சே?"

அவள் மறுபடியும் பந்தை அமுக்கினாள். கடையில் ஒரு பன்றித் தொடையை வெட்டும்போது நடுவில் நிறுத்தி, தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை. எனக்கு இந்தக் கதையில் தாங்க முடியாத இடம் இதுதான். அவர்கள் கேலி செய்தது போகட்டும். அந்தக் கையையே அவளைச் சந்தேகப்பட வைத்துவிட்டார்களே.

கொஞ்ச நேரத்தில் பந்து பட்டென்று பிளந்தது. ஸ்டான் இரண்டு துண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்பத் தொய்வான மணிக்கட்டு," என்றான்.

அந்தச் சிரிப்பில்தான் அவள் எழுந்து போய்ப் பிஸ்டலைச் சமையல் மேசையில் பிரித்துப் போட்டாள். குழலைத் தனியாகக் கழற்றிக் கையில் நிமிர்த்திப் பிடித்தாள். கடைத் தோட்டா ஒன்றை மேலிருந்து போட்டாள். டங்கென்று உள்ளே விழுந்து, விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்தது. கவிழ்த்தால் தானாக வெளியே வந்தது. பிறகு அன்றைக்கு நின்றுபோன கிளப்புத் தோட்டா ஒன்று கோட்டுப் பையில் கிடந்ததை எடுத்துப் போட்டாள். சத்தம் வரவில்லை. முக்கால்வாசி போய், ஒரு நகக்கண் உயரத்துக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கவிழ்த்தாள். வரவில்லை, விரலால் இழுக்க வேண்டியிருந்தது.

ஸ்லைடு விட்டு நின்ற அதே நகக்கண்.

"குண்டு உறைக்கு வெளியே கொஞ்சம் நீளமா நிக்குது, ஸ்டான். குழலோட தொண்டையில போய் முட்டுது. மூட விடல."

"அப்ப மத்தவங்களுக்கு ஏன் ஓடுது?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. மறுநாள் குழலையும் தோட்டாவையும் எடுத்துக்கொண்டு ஆர்லோ வீட்டுக்கே போனாள். வாசலில் நிற்க வைத்தே பார்த்தார். "எல்லாருடையதுலயும் போகுது, உன்னுதுல போகலைன்னா உன் குழல்தான் கோணல். மலிவா வாங்கினியா?" என்றார். பிறகு, போகிற போக்கில், "மணிக்கட்டையும் மறந்துடாத," என்றார்.

கண்ணெதிரே சாட்சியைக் காட்டினாலும் அந்த மனிதருக்கு மணிக்கட்டை விட மனம் வரவில்லை. டெல்மா திரும்பி வந்தாள். வரும் வழியில் மலையைப் பார்த்தாள். இலை எல்லாம் உதிர்ந்திருந்தது. மான் காலம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான்.

முதல் நாள் காலையிலேயே நல்ல வேட்டை. வெயில் ஏறுவதற்குள் டெல்மாவின் கொட்டகை வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. முதல் வண்டி ஆர்லோவுடையது. பின்தட்டில் நல்ல கொம்புள்ள கலைமான். அவர் முகத்தில் அத்தனை கொம்பும் முளைத்த மாதிரி பெருமை. அவருக்குப் பின்னால் டூயி, ஒரு பெண்மானோடு.

டெல்மா கொட்டகை வாசலில் நின்றாள். ஏப்ரன் கட்டியிருந்தாள். இரண்டு கையும் ஏப்ரன் பைக்குள்.

"காலை வணக்கம், ராணி," என்றார் ஆர்லோ. "எங்க இறக்கட்டும்?"

"இறக்க வேண்டாம், ஆர்லோ. இந்த வருஷம் முடியாது. மணிக்கட்டு தொய்யுது."

டூயி சிரிக்க வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"விளையாடாத டெல்மா. வெயில் ஏறுது. கறி கெட்டுடும்."

"நான் எங்க விளையாடறேன்? நீங்கதானே சொன்னீங்க, தொய்யறவங்களுக்குத் தெரியாது, பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்னு. நீங்க பார்த்துட்டீங்க. இந்தக் கையால கத்தி பிடிச்சு உங்க கலைமானை நான் பாழாக்கிட்டா? மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வெட்டறானாம். அவன்கிட்ட போங்க."

மலைக்கு அந்தப் பக்கத்து ஆளை எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கலைமானைக் கொடுத்தால் யாரோ சுட்ட கிழட்டுப் பெண்மானின் கறி வரும். அதில் பாதி முடி. பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான். "ஆர்லோ, என்ன பண்ணித் தொலைச்சே?" என்று வேறொருவன் கத்தினான்.

"என்ன வேணும் உனக்கு?" என்றார் ஆர்லோ.

"பின்னால மண்மேடு இருக்கு. என் பிஸ்டல் இருக்கு. உங்க டப்பாத் தோட்டா இருக்கு. உங்க மணிக்கட்டு இருக்கு. சுடுங்க."

வழக்கம் என்று அவர் தொடங்கினார். கலைமானைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

முதல் தோட்டா போனது. இரண்டாவது போனது. மூன்றாவதற்கு ஸ்லைடு ஒரு நகக்கண் விட்டு நின்றது. ஆர்லோ அதைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, மரத்தை வேரோடு பிடுங்குகிறவர் மாதிரிப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சுட்டார். திரும்பவும் நின்றது.

டூயியால் அதற்கு மேல் முடியவில்லை. "ஆர்லோ, பந்து ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

"நீ சுடு பார்க்கலாம்," என்று அவன் கையில் திணித்தார். டூயிக்கும் நின்றது.

"சரி. அப்ப துப்பாக்கிதான் கோளாறு," என்றார் ஆர்லோ.

இங்கேதான் டெல்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. குரல் உயரவில்லை, அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். "உங்க பிஸ்டலைக் கழற்றுங்க, ஆர்லோ," என்றாள். அவருடைய பிஸ்டல் எப்போதும் வண்டியில்தான் இருக்கும். கழற்றினார். இறைச்சி வெட்டும் கட்டைமேல் அவருடைய குழல், பக்கத்தில் அவளுடைய குழல். கிளப்புத் தோட்டாவை அவருடையதில் போட்டாள். டங். கடைத் தோட்டாவைப் போட்டாள். டங். அவளுடையதில் கடைத் தோட்டா டங். கிளப்புத் தோட்டா நகக்கண் உயரம் வெளியே.

"பார்த்தியா," என்று ஆர்லோ தொடங்கினார்.

டெல்மா இரண்டு குழலையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "உங்களுதுல தொண்டையை யாரோ குடைஞ்சிருக்காங்க. இங்க பாருங்க, உள்ளே ஒரு வளையம் மட்டும் வேற மாதிரி மினுங்குது."

டூயி எட்டிப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ஹெர்ம்," என்றான்.

"என்ன ஹெர்ம்?"

"எவன் புதுத் துப்பாக்கி வாங்கினாலும் ஹெர்ம் முதல்ல வாங்கிக்குவானே. ஒரு பெட்டி பீர் குடுத்தா போதும். 'தொண்டையைக் கொஞ்சம் திறந்து விட்டிருக்கேன், இனிமே நம்ம தோட்டா ஓடும்'னு குடுப்பான். என்னுதும் அப்படித்தான். எல்லாருடையதும்." நிறுத்தினான். "எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல."

எதற்கு என்று இப்போது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆர்லோவின் குண்டு ஆரம்பத்திலிருந்தே நீளம். பதிக்கும் கருவியின் திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் போதும். அதை ஆர்லோவிடம் சொல்ல ஹெர்முக்கு வாய் வரவில்லை. எனவே ஊரில் இருக்கிற ஒவ்வொரு பிஸ்டலின் தொண்டையையும் அவன் அறுத்துக் கொடுத்தான். ஹெர்ம் செத்த பிறகு வாங்கிய முதல் பிஸ்டல் டெல்மாவுடையது.

"ஒரு மனுஷன்கிட்ட திருகாணியைத் திருப்புங்கன்னு சொல்லப் பயந்து," என்றாள் டெல்மா, ஒவ்வொரு வார்த்தையாக, "இந்த ஊர்ல இருக்கிற துப்பாக்கி எல்லாத்தையும் குடைஞ்சீங்க. குடைய ஆள் இல்லைன்னு ஆனதும் என் கையைக் குடைய வந்துட்டீங்க. எனக்கு ரிப்பன் கட்டிப் பந்து குடுத்தீங்க."

 வரிசையில் ஹாரன் அடித்தவனும் வண்டியை விட்டு இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தான்.

ஆர்லோ தன் குழலை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். "ஹெர்ம் என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றார். பிறகு, "உன் குழலைக் குடு. ஹெர்மோட கருவி கிளப்புலதான் இருக்கு. நானே திறந்து விடறேன்."

"என் குழலை யாரும் தொட வேண்டாம். உங்க திருகாணியைத் திருப்புங்க."

"டப்பாவுல அத்தனை தோட்டா செஞ்சு வச்சிருக்கேனே."

"அதைக் குடைஞ்ச துப்பாக்கிக்காரங்க சுடட்டும். எனக்குப் புதுசு."

ஆர்லோவுக்கு முகம் சிவந்தது. கலைமானோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மலைக்கு அந்தப் பக்கம்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். டூயி பெண்மானின் காலைப் பிடித்துக்கொண்டு, "டெல்மா, பந்து என் தப்பு. ரிப்பன் என் பெண்டாட்டி தப்பு," என்றான். அவனுடையதை அவள் இறக்கச் சொன்னாள். பின்னால் நின்றவர்களுடையதையும்.

சூரியன் மலைக்குப் பின்னால் சாயும் முன் ஆர்லோவின் வண்டி திரும்பி வந்தது. கலைமான் அப்படியே இருந்தது, வயிற்றில் ஐஸ் அடைத்து. அவர் இறங்கி வந்து, ஒரு காப்பி டப்பாவைக் கட்டைமேல் வைத்தார். மன்னிப்பு, கின்னிப்பு என்று ஒரு சொல் இல்லை; அந்தத் தலைமுறை ஆண்களுக்கு அந்தச் சொல் தொண்டையில் முட்டும், அதைக் குடைந்து விட ஹெர்மும் இல்லை. டெல்மா கையைத் துடைத்துக்கொண்டு, குழலை எடுத்து, டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவைப் போட்டாள்.

டங்.

இன்னொன்று. டங். டப்பாவின் அடியிலிருந்து ஒன்றைத் துழாவி எடுத்துப் போட்டாள். டங்.

"மாவட்டப் போட்டிக்குப் பழக இந்த வியாழக்கிழமையே வந்துடு," என்றார் ஆர்லோ, கொட்டகையின் கூரையைப் பார்த்தபடி. "நால்வர்ல நீ மூணாவது. டூயி நாலாவது."

"அவனை ஏன் கீழே இறக்கினீங்க?"

"அவன் மணிக்கட்டு சரியில்ல."

டெல்மா கத்தியை எடுத்தாள்.

மாவட்டப் போட்டியைப் பற்றி என்ன சொல்ல. டெல்மா சுட்ட தோட்டா அத்தனையும் ஒரே ஓட்டையில் புகுந்தன. நடுவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குண்டுதான் சுட்டாளா என்று கேட்டார். எங்கள் ஊர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஆர்லோ எல்லோர் முன்னாலும் அழுதார்.

இதை இவ்வளவு தூரம் வாசித்துக் காட்டியபோது, என் சமையல் மேசைக்கு எதிரே முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்த டெல்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நாங்க ரெண்டாவதா வந்தோம். ஒரு குண்டு பக்கத்து ஆளோட அட்டையில போச்சு, அது என்னுதுதான், அதுக்கு யாரையும் சொல்ல முடியாது. ஆர்லோ அழல, அவருக்கு ஜலதோஷம். ஆனா ஸ்லைடு ஒரு தடவைகூட நிக்கல. அந்த ஒண்ணை மட்டும் நீ எழுதாம விட்டுட்டே."